பிறந்த மலையைப் பார்த்துவிட்டு வந்தோம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கோத்தகிரிப் பகுதிக் குழு ஒன்றின் உறுப்பினர்கள் நான்கு பேர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சேமிப்பு, கடன், தொழில் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். எங்களை ஊர் சுற்றின கதையைச் சொல்லச் சொன்னார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. நாம் என்ன பெரிய ஆளா, வெளிநாடு போய் வந்ததை மைக் பிடித்துச் சொல்ல என்று நினைத்தோம். ஆனால் இந்தக் கதையிலும் சேமிப்பு இருக்கிறது. ஒரு காகிதம் தொலைந்தால் என்ன ஆகும் என்கிற பாடமும் இருக்கிறது. அதனால் சொல்கிறோம்.

எங்கள் குழுவில் 12 பேர். அதில் 5 பேர் இலங்கையில், மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த மக்களை நெல்லு மூட்டை மாதிரி எண்ணிப் பிரித்தார்கள் என்று எங்கள் அப்பாமார் சொல்வார்கள்.

1982இல் நாங்கள் கிளம்பினோம். எங்களுக்கு 14 வயசு, 15 வயசு. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அந்த ரயிலுக்கு அங்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர். ஏறுகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். எங்களோடு ஒரே வகுப்பில் படித்த, ஒரே லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் பிளாட்பாரத்தில் நின்றார்கள். "லெட்டர் போடுங்கடி" என்று கத்தினார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை. எங்கள் மாதிரி வந்தவர்களுக்காகத்தான் 1968இல் அந்தத் தோட்டத்தையே ஆரம்பித்தார்கள். லெட்டர் கொஞ்ச நாள் வந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு நின்றது. 1984இல் கப்பலும் நின்றது.

முப்பத்தைந்து வருஷம் ஒரு சேதியும் இல்லை. 2018இல் கோத்தகிரியில் ஒரு கல்யாண வீட்டில், கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒரு பையனின் நம்பர் கிடைத்தது. விசாரித்தால் அவன் எங்கள் சிநேகிதி ஒருத்தியின் மகன். அன்றைக்கு ராத்திரியே அவள் வாட்சப்பில் வந்தாள். தலை நரைத்துப் பல் போன ஒரு பொம்பளை, "ஏண்டி, லெட்டர் போடலை?" என்று கேட்டாள். எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

போய்ப் பார்க்கணும் என்று முடிவு செய்தோம். குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்டோம். அங்கேதான் சண்டை வந்தது. "ஆடு வாங்கக் கடன் கேளு, பிள்ளைக்குப் பீஸ் கட்டக் கேளு. மலை பாக்கவா கடன்? நாம இருக்கறதே மலையிலதானே?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது அவள் சொன்னது நியாயம் என்று பட்டது. பத்து பேர் சந்தாவில் சேர்ந்த பணத்தைத் திருப்பி வருமானம் தராத ஒன்றுக்கு எடுக்கக் கூடாது. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். பயணத்துக்கு உள்கடன் கிடையாது. வேண்டியவர்கள் தனியாகப் பயணச் சேமிப்பு கட்டலாம், அதற்குத் தனி நோட்டு.

2018 ஜூலையில் மாசம் 500 ரூபாய் கட்ட ஆரம்பித்தோம். 2020 மார்ச் வரை ஆளுக்கு 10,500 சேர்ந்தது. அப்புறம் கொரோனா வந்தது. அந்தப் பணத்தில்தான் அரிசியும் மருந்தும் வாங்கினோம். அழவில்லை, நல்ல வேளை இருந்ததே என்று நினைத்தோம். 2021 ஜூலையில் திரும்பவும் முதலிலிருந்து, இந்தத் தடவை மாசம் 1,000. 2024 ஜனவரியில் ஆளுக்கு 31,000 ரூபாய். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர எங்களுக்கென்று நாங்கள் சேர்த்த முதல் பணம் அது.

பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் பாடம் படித்தோம். நாங்கள் பிறந்தது இலங்கை. இந்தியப் பிரஜை என்பதற்கு எங்களுக்கு இருக்கும் ஆதாரம், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை. நாலு பேர் வீட்டில் அது இருந்தது. எங்களில் மூத்த அக்கா வீட்டில் இல்லை. மழையில் வீடு ஒழுகினபோது போயிருக்கலாம், கரையான் அரித்திருக்கலாம். ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி, ஆதார் எல்லாம் காட்டினார். "பிறந்த இடம் வெளிநாடு, அதுக்கு ஆதாரம் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை போனார். எங்கள் ஐந்து பேரில் அதிகம் ஆசைப்பட்டவர் அவர்தான். அவருடைய அம்மாவை 1979இல் அந்தத் தோட்டத்து மண்ணில்தான் புதைத்தார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க. லயத்துக்கு மேலே சவுக்கு மரத்துக்கிட்ட எங்கம்மா இருக்கா. ஒரு சூடம் கொளுத்துங்க போதும். என் காசுல அவளுகளுக்குச் சேலை வாங்கிட்டுப் போங்க" என்றார். நாங்களும் போகவில்லை என்று சொல்லிப் பார்த்தோம். அடிக்க வந்துவிட்டார்.

2024 பிப்ரவரியில் திருச்சியிலிருந்து விமானம் ஏறினோம். அந்தச் சமயம் இலங்கை அரசு இந்தியர்களுக்கு விசா கட்டணம் இல்லை என்று அறிவித்திருந்தது. அன்றைக்கு ரயில், கப்பல், முகாம் என்று நாள் கணக்கில் வந்த தூரம். இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதே ஸ்டேஷன். மூன்று பேர் நின்றார்கள். நாலாவது சிநேகிதி 2022இல் இறந்துவிட்டாள் என்று அங்கேதான் சொன்னார்கள். போனில் சொல்ல மனசு வரவில்லையாம். சந்தோஷம், துக்கம் இரண்டும் ஒரே நேரத்தில். திரும்பவும் ஒரு ஒப்பாரிதான்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார்கள். டிக்கோயா தாண்டினால் காசல்ரீ நீர்த்தேக்கம். மலை மலையாகத் தேயிலை, நடுவில் கைவிரல் விரித்த மாதிரி தண்ணீர். பிறகு மவுசாகலை நீர்த்தேக்கம். 1969இல் இந்த அணை கட்டினபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போய்விட்டது. கடைத்தெரு, கோவில் எல்லாம் உள்ளே. தண்ணீர் ரொம்ப வற்றும் வருஷங்களில் பழைய கட்டடங்கள் வெளியே தெரியும். நாங்கள் போனபோது ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் அமைதியாக இருந்தது. அந்தக் கடைத்தெருவில் பொட்டு வாங்கின கதையை எங்கள் அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மின்சாரத்துக்காக ஊரை எடுத்தார்கள். ஆனால் எங்கள் லயத்தில் நாங்கள் கிளம்புகிற வரைக்கும் சிமினி விளக்குதான்.

எட்டு நாளும் அவர்கள் வீடுகளில்தான் தங்கினோம். ஒருத்தி இன்னும் லயத்துக் காம்பராவில்தான் இருக்கிறாள். கோதுமை ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பிளேன்டீ. ராத்திரி பாய் விரித்து ஏழு பேரும் வரிசையாகப் படுத்துப் பேசினோம். எங்களுக்கு இங்கே 'சிலோன்காரங்க' என்ற பேர் ஒட்டிக்கொண்டதைச் சொன்னோம். அவர்கள் நாடில்லாமல் இருந்ததைச் சொன்னார்கள். 1948இல் சட்டம் போட்டுப் பறித்த குடியுரிமை, கடைசியாக மிச்சம் இருந்தவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் கிடைத்தது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராடி 2021இல்தான் வாங்கினார்கள். 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது அந்த ஆயிரத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. 2023இல், மலையகத்துக்கு மக்கள் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் ஒருத்தி ஒரு நாள் நடந்திருக்கிறாள். "நீங்க போன வழியிலே நாங்க திரும்பி நடந்தோம்டி" என்றாள்.

ஒரு நாள் நுவரெலியா போனோம். அங்கேதான் இலங்கையிலேயே உயரமான பீதுருதாலகாலை மலை இருக்கிறது, 2,524 மீட்டர். கிரகரி ஏரி, 1873இல் வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டினது. அன்னப்பறவை மாதிரி மிதி படகு. நாங்கள் ஏழு பேரும் ஐம்பதைத் தாண்டினவர்கள். பயந்து, கத்தி, சிரித்து, படகு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சமையல், மாடு எதையும் நினைக்காமல் சிரித்த அந்த அரை மணி நேரத்தை நாங்கள் மறக்க மாட்டோம்.

இன்னொரு இடத்தில் நுழைவுச் சீட்டு எடுத்தோம். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. எங்கள் சிநேகிதி கவுண்டரில் வாதாடினாள். "இவங்க இங்க பொறந்தவங்க" என்றாள். "பாஸ்போர்ட் என்ன?" என்று கேட்டார் அந்தத் தம்பி. அவர் மேல் தப்பில்லை. வெளிநாட்டு விலை கொடுத்து உள்ளே போனோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசியாகச் சிவனொளிபாத மலை. 2,243 மீட்டர். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை சீசன். உச்சியில் இருக்கும் பாதத்தை நாம் சிவன் பாதம் என்கிறோம், பௌத்தர்கள் புத்தர் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதம் பாதம் என்கிறார்கள். எல்லோரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள். நல்லதண்ணியில் ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினோம். ஐயாயிரம் படிக்கு மேல். எங்களில் ஒருத்திக்கு முழங்கால் வலி, அவளும் ஒரு சிநேகிதியும் கீழேயே தங்கினார்கள். மற்றவர்கள் ஏறினோம். கொழுந்துக் கூடை சுமந்த கால் எங்களைக் கைவிடவில்லை. இறங்கி வருகிற சிங்களப் பாட்டிமார் "கருணாவாய்" என்று வாழ்த்திக்கொண்டே போனார்கள்.

விடியும்போது உச்சியில் நின்றோம். ஒரு பக்கம் சூரியன். மறுபக்கம் மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தில் விழுந்தது. கீழே மவுசாகலைத் தண்ணீர் வெள்ளிக் கம்பி போல. உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனை முறை மலை ஏறினோமோ அத்தனை முறை அடிக்கணும். 12 வயசில் அப்பாவோடு ஏறினவள் இரண்டு முறை அடித்தாள். மற்ற இரண்டு பேரும் ஒரு முறை. வராத அக்காவுக்காக இன்னொரு தடவை அடிக்கப் போனோம். சிநேகிதி கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ கணக்கை நீங்க எழுதக் கூடாது. அவ வந்து அடிக்கட்டும்" என்றாள்.

கிளம்புகிறதுக்கு முந்தின நாள் சூடம் கொளுத்தப் போனோம். சவுக்கு மரம் இல்லை. அந்த மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செடி நட்டிருந்தார்கள். குழிமேடு எதுவும் தெரியவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அப்போது ஒரு சிநேகிதி நேராகப் போய் ஒரு பாறை ஓரத்தில் நின்றாள். பாறையில் கரி பிடித்திருந்தது. "மரத்துல இருந்து இந்தப் பாறை எத்தனை எட்டுன்னு எனக்குத் தெரியும். வருஷா வருஷம் தீபாவளிக்கு மொத நாள் எங்கம்மாவுக்குக் கொளுத்தும்போது இவங்களுக்கும் கொளுத்துறேன்" என்றாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை.

ஊருக்கு வந்து அக்காவிடம் மறைக்காமல் சொன்னோம். மரம் இல்லை, மேடு இல்லை, ஆனால் விளக்கு அணையவில்லை என்று. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கம்மா பேரைச் சொல்லித்தானே கொளுத்துறா?" என்று கேட்டார். "ஆமாக்கா" என்றோம். அப்போதுதான் அழுதார்.

2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கை மலையகத்தைப் புரட்டிப் போட்டது. மண்சரிவில் நிறையப் பேர் இறந்தார்கள். இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. நாங்கள் சமைக்கவே இல்லை. மூன்றாம் நாள், "லயத்துக்குப் பின்னாடி மண் சரிஞ்சிருச்சு, நாங்க ஸ்கூல்ல இருக்கோம், உசுரோட இருக்கோம்" என்று குரல் வந்தது. இப்போது எங்களுக்கு அது தூரத்து நாட்டுச் செய்தி இல்லை.

சகோதரிகளே, இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறோம். ஒன்று, பெண்களுக்கென்று ஒரு ஆசை இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். குழுப் பணத்தில் கை வைக்காதீர்கள், ஆசையையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு, வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, பட்டா, சாதிச் சான்று எது இருந்தாலும் இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எங்கள் குழுவில் இப்போது எல்லோருடைய காகிதமும் ஒரு பைலில் இருக்கிறது.

அந்த யோசனை எப்படி வந்தது தெரியுமா? அக்காவின் தம்பி வால்பாறையில் இருக்கிறார். போன வருஷம் அவர் வீட்டுப் பெட்டியில் அந்தக் குடும்ப அட்டையின் ஜெராக்ஸ் ஒன்று கிடைத்தது. அதை வைத்து அலைந்து அலைந்து அக்காவுக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மலை ஏற முடியுமா என்று கேட்டோம். "படி ஒவ்வொண்ணா உக்காந்து உக்காந்தாவது ஏறுவேன்" என்கிறார். பயணச் சேமிப்பு நோட்டு திரும்பவும் ஆரம்பித்தாகிவிட்டது. இந்தத் தடவை அதில் ஏழு பேர். உள்கடன் கூடாது என்று எங்களோடு சண்டை போட்டாளே, அவள் பேர்தான் முதலில் இருக்கிறது.