சிசுவின் உயிர்க்காவல்
(பந்திங்கில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சம்பளம், வீடு, வேலை நேரம் ஆகியவற்றைப் பற்றி நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது பச்சைக் குழந்தையின் உயிரைப் பற்றி. எச்.ஐ.வி. என்றதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தவறு செய்தவர்களின் நோய், நமக்கென்ன என்கிறார்கள். தாயின் வயிற்றிலுள்ள சிசு என்ன தவறு செய்தது? அதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

நம் உடலுக்குள் ஒரு காவற்படை உண்டு. கங்காணி ஆள்களை நிரைக்கு அனுப்புவதுபோல, அந்தப் படையை ஏவி நடத்துபவை சி.டி.4 என்னும் வெள்ளை அணுக்கள். எச்.ஐ.வி. கிருமி நேரே அந்தக் கங்காணிக்குள்ளேயே புகுந்து, பெருகி, அவனை அழிக்கிறது.

பெரியவரின் படை பல நோய்களோடு மோதிப் பழகியது. சில வாரங்களில் கிருமியை ஓரளவு அடக்கிவிடும். ஆகவே சிகிச்சை இல்லாமலும் பலர் சில ஆண்டுகள் நடமாடுவார்கள். குழந்தையின் கதி வேறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் நஞ்சுக்கொடி வழியே கொடுத்த எதிர்ப்புப் பொருள்களே அதன் முதற்காவல். சொந்தப் படை அப்போதுதான் பாடம் படிக்கிறது. அந்த வேளையில் கிருமி நுழைந்தால், இரத்தத்தில் அதன் அளவு மாதக்கணக்கில் உயர்ந்தே நிற்கும். நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பி, புதிய அணுக்களின் பள்ளிக்கூடம். கிருமி அதையும் தாக்குகிறது.

விளைவு என்ன? 3 முதல் 6 மாத வயதிலேயே கடும் நிமோனியா வரலாம். எடை ஏறாது. தடுப்பூசி போட்டாலும் அதன் பலன் நிலைப்பதில்லை. சிகிச்சை இல்லையென்றால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் இரண்டு வயதுக்குள் மடிந்துவிடும்.

இன்னொரு விஷயம். தாயின் எதிர்ப்புப் பொருள் 18 மாதம்வரை குழந்தையின் இரத்தத்தில் இருக்கக்கூடும். அதைக் காட்டும் சாதாரணப் பரிசோதனையை வைத்துக் குழந்தைக்கு நோய் என்று முடிவு கட்டக்கூடாது. கிருமியையே தேடும் பரிசோதனை வேண்டும்.

தோழர்களே, இது விதியல்ல! 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டபோது, இதற்கு மருந்தே இல்லை. 1994-ல் ஏ.இசட்.டி. மருந்து, தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது. 2008-ல் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று, தொற்றிய குழந்தைக்கு 12 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மரணம் 76 விழுக்காடு குறைகிறது என்று நிரூபித்தது. நோய் முற்றட்டும் என்று காத்திருக்கும் காலம் போயிற்று.

நம் நாட்டு அரசாங்க கிளினிக்குகளில் 1998 முதல் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கிறது. தாய்க்கு மருந்து, பிறந்த குழந்தைக்கு மருந்து, தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மாவு என்று திட்டம் வளர்ந்தது. தடுப்பு ஏதும் இல்லாவிடில் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். அது இங்கே இரண்டுக்கும் கீழே இறங்கியது. 2018-ல் மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே முதல் நாடாக மலேசியா உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. 2019-ல் இலங்கையும் பெற்றது.

ஆனால் அங்கீகாரம் தானாக நிலைக்காது. ஊர்வாய்க்குப் பயந்து ஒரு தாய் கிளினிக்குக்குப் போகாவிட்டால், அவள் குழந்தைக்கு அந்தப் பத்திரத்தால் என்ன பயன்?

ஆகவே நாம் செய்யவேண்டியவை இவை. கர்ப்பம் தெரிந்தவுடன் பதிவு செய்யுங்கள். கணவரும் பரிசோதித்துக்கொள்ளட்டும். கிளினிக் நாளுக்காகச் சம்பளம் வெட்டக்கூடாது என்பது நம் கோரிக்கையாகட்டும். மருத்துவத் தாள்கள் கைக்கு வரும் கிராணிமார்கள் இரகசியம் காக்கவேண்டும். தொடுவதாலோ, ஒரே கோப்பையில் குடிப்பதாலோ, ஆயாக் கொட்டகையில் சேர்ந்து விளையாடுவதாலோ இந்நோய் ஒட்டாது. நம்மோடு பாடுபடும் வெளிநாட்டுச் சகோதரிகளையும் ஒதுக்காதீர்கள். கிருமி கடப்பிதழ் பார்ப்பதில்லை.

இளங்கன்றைக் காப்பவனுக்கே நாளை பால் மரம். நம் குழந்தைகளைக் காப்போம்.