இது தெளிவா, அது தெளிவா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் அம்மாவின் கண்ணாடி ஏழு வருடமாக அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. டவுனில் ஒரு கிளினிக்கில் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் "ஒவ், ஒவ்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அந்தக் கண்ணாடியைப் போட்டால் தலைதான் சுற்றுகிறது.

நாற்பது தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகும், கிட்டத்தில் உள்ளது மங்கும். வெள்ளெழுத்து என்கிறோமே, அதுதான். கொழுந்து எது, முற்றிய இலை எது என்று தெரியாமல் கை தடுமாறும். கிலோ குறைந்து அரைப்பேர் விழும். நாம் வயதைக் குறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதைத் தாண்டிய 751 கொழுந்து பறிப்பவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளிவந்தது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் அதிகமாக முன்னேறினார்கள். (இதை மெதுவாகச் சொல்கிறேன். துரைமார் காதில் விழுந்தால் நாளைக்கே கிலோவைக் கூட்டுவார்கள்!)

இந்தப் பார்வையை அளக்கும் படிப்புக்குப் பெயர் ஒப்டோமெட்ரி. இந்தியாவில் நான்கு வருடப் பட்டப்படிப்பு, கடைசி வருடம் முழுக்கக் கண் வைத்தியசாலையில் பயிற்சி. சத்திரசிகிச்சை செய்வது கண் வைத்தியரின் வேலை. ஒப்டோமெட்ரி படித்தவர் பார்வையை அளந்து கண்ணாடி எழுதுவார். சீனி வருத்தத்தாலோ குளுக்கோமாவாலோ கண் கெடுகிற அறிகுறி தெரிந்தால் வைத்தியரிடம் அனுப்புவார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, அது திரும்பி வரும் விதத்தைப் பார்த்தே ஓரளவு கணக்கெடுக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கு அப்படித்தான் பார்ப்பார்கள். பெரியவர்களிடம் கடைசியில் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க நம் பிள்ளைகள் வேண்டும்.

பத்தாம், பதினோராம் வகுப்பில் படித்த ஒளி முறிவும் வில்லையும்தான் அங்கேயும் அடிப்படை. ஆனால் உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் எடுக்க வேண்டும். நமது பள்ளிக்கூடத்தில் உயர்தரம் என்றால் கலைப்பிரிவு மட்டும்தான். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. அதற்குத் தனி ஒதுக்கீடு உண்டு. விஞ்ஞானமே படிக்காத பிள்ளைக்கு அந்த இடத்தால் என்ன பிரயோசனம்? டவுன் பிள்ளைக்குத்தான் அது போகிறது.

விஞ்ஞான ஆசிரியர் கேட்டு கிளையிலிருந்து இரண்டு கடிதம் போய்விட்டது, பதில் இல்லை. மூன்றாவது கடிதம் மேசையில் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஞாயிறு காலை பள்ளிக்கூடத்தில் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலோடு இருப்பேன். பிள்ளைகள் பெறுபேற்றோடு வாருங்கள். வீட்டில் போடாத கண்ணாடி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், எத்தனை சேருகிறது என்று எண்ணி அடுத்த கடிதத்தில் எழுதுவோம்.