ஒத்தைக் கண் தலைவலிக்கு யாரிடம் போவது?



சிலருக்கு ராத்திரியில் ஒரே நேரத்துக்கு, ஒரு கண்ணைச் சுற்றி உயிர் போகிற மாதிரி வலி வரும். கண் சிவந்து தண்ணி கொட்டும், மூக்கு ஒழுகும். படுக்க முடியாம லயத்து வாசலில் நடப்பாங்க. 15 நிமிடத்திலிருந்து 3 மணித்தியாலம் வரை இருக்கும். இதுதான் கொத்துத் தலைவலி. பனடோலுக்குக் கேட்காது. பல்லைப் பிடுங்கியும் வலி போகாதவர்களை நாங்க பார்த்திருக்கிறோம், பாவம்!

டிஸ்பென்சரியில் "தலைவலி" என்று மட்டும் சொன்னா பனடோல்தான் கிடைக்கும். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதி வைப்போம். அதைக் காட்டி, நரம்பியல் கிளினிக்குக்குத் துண்டு கேட்போம். கண்டி தேசிய வைத்தியசாலையில் அந்த டொக்டர்மார் இருக்கிறாங்க, காசு இல்லை. வலி நேரத்தில் முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தா பலருக்கு 15 நிமிடத்தில் அடங்கும்.

திடீரென்று கை கால் விழுந்து, பேச்சுக் குழறினா அது வேறு நோய். கொப்பியைத் தேடாம 1990க்கு அடிங்க, அம்புலன்ஸும் இலவசம்தான்.