அறுபதுக்கு மேல் ஒரு சைக்கிள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“ஓய்வுக்குப் பின் உடல்நலம் என்று ஏதாவது பேசேன்” என்று செயலாளர் சொன்னார். நான் டாக்டர் இல்லை. யோகா தெரியாது. உடல்நலம் சம்பந்தமாக நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நம் வயதில் ஒரு சைக்கிளை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதே அது. ‘அடிபட்டு’ என்று சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. இந்த இடது மணிக்கட்டைக் கேளுங்கள், அது சொல்லும்.

1978-ல் நாம் இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது நமக்குத் தெரிந்த சைக்கிள் ஒரே ஜாதிதான். கறுப்புப் பெயிண்ட், கம்பி பிரேக், 28 இஞ்ச் சக்கரம், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. கடைக்காரர் கேட்கிற கேள்வியும் இரண்டுதான்: “22-ஆ, 24-ஆ? டைனமோ வேணுமா, வேண்டாமா?” இரண்டுக்கும் அப்பாதான் பதில் சொல்வார். தம்பிக்கும் ஆகும் என்று பெரிய சைஸாகவே வாங்குவார். நம்மில் பாதிப்பேர் குரங்குப் பெடலில் கற்றுக்கொண்டவர்கள். பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்த நாள்தான் நமக்கு முதல் பதவி உயர்வு. (சிரிப்பு)

அதாவது, வண்டிக்கு நாம் பொருந்தினோம். நமக்கு வண்டி பொருந்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இருபது வயதில் எதற்கும் பொருந்திவிடலாம். அறுபதில் முடியாது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம்.

நான் குடியிருப்பது கோவையில், வடவள்ளிப் பக்கம். 2019-ல் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “சார், சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்கு. நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க” என்றார். நடந்தால் முழங்கால் வலித்தது. சைக்கிளில் உடம்பின் பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு அவ்வளவு அடி விழாது. சரி என்று ஒரு கடைக்குப் போனேன். முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 21 கியர், சிவப்பும் கறுப்புமாக ஒரு வண்டி நின்றது. “இதுதான் சார் இப்ப ஓடுது. இந்த ஒரு பீஸ்தான் இருக்கு, தள்ளுபடியில தர்றேன்” என்றார் கடைக்காரர். என்னை அளக்கவும் இல்லை, ஓட்டிப் பார்க்கச் சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை. தப்பில் பாதி என்னுடையது.

அந்த வண்டியின் பிரேம் 21 இஞ்ச். நான் ஐந்தடி நாலங்குலம். சீட்டை அடிவரை இறக்கியும் கால் நுனிதான் தரையைத் தொட்டது. ஹேண்டில் பாரோ எட்டாத தூரத்தில். அரைமணி நேரம் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து இழுக்கும். ‘பழகினால் சரியாகும்’ என்று இரண்டு மாதம் பல்லைக் கடித்தேன். மூன்றாவது மாதம் ஒரு சிக்னலில் திடீரென்று நிறுத்த வேண்டி வந்தது. சீட்டிலிருந்து முன்னால் இறங்கினேன். பார் தொடையிடுக்கில் இடித்தது. வண்டி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

வண்டி மாடிப்படிக்கு அடியில் போனது. வீட்டில் அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார்கள். மகள், “அப்பா, இனிமே சைக்கிள் பேச்சே வேண்டாம்ப்பா” என்று அழுதாள். நானும் விட்டுவிட்டேன். பிறகு 2020-ல் ஊரடங்கு. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டதில் 2021-ல் மாத்திரை போதாது, இன்சுலின் போட வேண்டி வரலாம் என்கிற நிலைமை.

அந்த நேரத்தில்தான் என் விடுதி அறைத்தோழன் வீட்டுக்கு வந்தான். பெயரைச் சொல்ல மாட்டேன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முறைக்கிறான். (சிரிப்பு) போர்வையைத் தூக்கிப் பார்த்தான். “டேய், இதுல ஏறினதே தப்புடா. உனக்குச் சைக்கிள் ஆகாதுன்னு யார் சொன்னா? இந்தச் சைக்கிள்தான் ஆகாது” என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அன்றைக்கே என்னைச் சுவரோரம் நிற்கவைத்தான். செருப்பில்லாமல், கால்களைச் சற்று அகட்டி, முதுகு சுவரில் பட நின்றேன். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இரண்டு தொடைக்கும் நடுவில், சீட்டில் உட்கார்ந்த மாதிரி மேலே அழுத்திவைத்து, அதன் மேல்விளிம்புக்கு நேராகச் சுவரில் பென்சில் கோடு போட்டான். தரையிலிருந்து கோடுவரை 76 செ.மீ. அடுத்துப் பழைய வண்டியின் பார் எவ்வளவு உயரம் என்று அளந்தான். 80 செ.மீ.! என் காலைவிட வண்டி நாலு செ.மீ. உசரம். விழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நீங்களும் இந்த அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பாருக்கு இரு பக்கமும் காலை ஊன்றி நின்றால், நடுவில் குறைந்தது இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். எஸ், எம், எல் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எம், இன்னொரு கம்பெனியின் எல்லாக இருக்கும். சட்டைக்கு உள்ள அதே கதைதான்.

சீட்டு உயரத்துக்கும் இதே அளவு உதவும். 76-ஐ 0.883-ஆல் பெருக்கினால் 67. பெடல் கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை ஏறக்குறைய அவ்வளவு. கணக்கு வேண்டாம் என்பவர்கள், சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே போகும்போது முழங்கால் நேராக நின்றால் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது தானாகவே லேசான மடிப்பு வந்துவிடும். ‘சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதியணும்’ என்று நாம் இறக்கிவைக்கிறோமே, அதனால்தான் முழங்கால் வலி. நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்க வேண்டும். அதற்குத்தான் பாரின் உயரம் முக்கியம்.

அடுத்து, என்ன ரகம்? நண்பன் மூன்று ரகம் சொன்னான். ஒன்று, மலைப்பாதைக்கென்று செய்த வண்டி. தடித்த முள் டயர், ஷாக் அப்சார்பர். தார் ரோட்டில் அந்த டயர் நம் காலை இழுத்துப் பிடிக்கும். இரண்டு, பந்தய வண்டி. வளைந்து தொங்கும் ஹேண்டில், ஒல்லி டயர். வேகம் உண்டு. ஆனால் குனிந்து ஓட்ட நம் இடுப்பும், நம் ஊர்ப் பள்ளமும் சம்மதிக்க வேண்டும். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் பிறந்த ஹைப்ரிட். நேரான ஹேண்டில், பந்தய வண்டியின் பெரிய சக்கரம், நடுத்தர டயர், மலை வண்டிக்கு உள்ளது மாதிரி இலகுவான கியர். பழைய கறுப்பு வண்டியில் நாம் கலெக்டர் மாதிரி நிமிர்ந்து உட்காருவோம். இதில் லேசாக முன்னால் சாய்வோம், அவ்வளவுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்கு அந்தச் சின்னச் சாய்வின் அருமை தெரியும்.

இரண்டு பேருமாக நாலு கடை ஏறி இறங்கினோம். கடைசியில் இரண்டு வண்டி மிஞ்சியது. இரண்டும் ஹைப்ரிட், இரண்டும் என் அளவு. ஒன்றில் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், 21 கியர். மற்றதில் சாதா போர்க், ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக், 24 கியர். பார்வைக்கு முதல் வண்டி மாப்பிள்ளை, இரண்டாவது மாப்பிள்ளைத் தோழன்.

நண்பன் பையிலிருந்து பெட்டி எடைபோடும் தொங்கு தராசை எடுத்தான். மாப்பிள்ளை பதினைந்தரைக் கிலோ, தோழன் பன்னிரண்டரை. கடைப் பையன் சிரித்தான். நாங்கள் கவலைப்படவில்லை. மாடிப்படியில் தூக்கப் போவது அவனில்லையே!

விலை குறைந்த வண்டிகளில் வரும் ஷாக் அப்சார்பர், சாதா போர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கனம். நாம் எழுந்து நின்று மிதிக்கும்போது அதுவும் அமுங்கி எழுந்து நம் உழைப்பைத் தின்னும். தார் ரோட்டுக்கு ஷாக் அப்சார்பர் டயருக்குள் இருக்கிற காற்றுதான். பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் என்கிற மாட்டு வைத்தியர், மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று காற்றடித்த டயரைச் செய்து மாட்டினார். அந்த அப்பாவின் வைத்தியம் இன்றைக்கும் போதும். டயரில் 700 x 38 என்று போட்டிருந்தால் 38 என்பது மில்லிமீட்டரில் அகலம். நம் ரோட்டுக்கு 35-லிருந்து 42 வரை நல்லது. பக்கத்திலேயே எவ்வளவு காற்று என்றும் அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் நடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 700 என்பதும் நம் பழைய 28 இஞ்சும் பார்க்க ஒன்று மாதிரி இருக்கும். ஆனால் டயர் உட்காருகிற வட்டம் இதில் 622 மி.மீ., அதில் 635. பழைய டயர் இதற்குச் சேராது. வால்வு டியூபையும் பாருங்கள். கார், மோட்டார் சைக்கிள் மாதிரித் தடித்த வால்வாக இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம். ஒல்லி வால்வு என்றால் அதற்கான பம்பையும் சேர்த்து வாங்குங்கள்.

கியர் எத்தனை என்று எண்ணாதீர்கள். முன்னும் பின்னும் பெருக்கினால் 24 வரும், அதில் பாதி ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் சமம்தான். பார்க்க வேண்டியது இரண்டு எண்: முன்னால் மிகச் சின்னப் பல்சக்கரம், பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம். நான் வாங்கியதில் முன்னால் 28 பல், பின்னால் 34. பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவு. நம் பழைய வண்டியில் முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொண்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்று. அதாவது மேட்டில் மூன்று மடங்கு இலகு. மருதமலை அடிவாரம்வரை இப்போது இறங்கித் தள்ளாமல் போகிறேன்.

பிரேக் விஷயத்தில் கட்சி கட்ட மாட்டேன். மழையிலும் இறக்கத்திலும் ஓட்டுகிறவர்கள் டிஸ்க்கே வாங்குங்கள். ரிம் நனைந்தால் வி-பிரேக் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். நான் மழையில் ஓட்டுவதில்லை. ரப்பர் தேய்ந்தால் எங்கள் தெருமுனை மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவார், கோட்டமும் எடுத்துத் தருவார். எனக்கு அது போதும் என்று தோழனையே எடுத்தேன். ஸ்டாண்டு, மட்கார்டு, பெல், விளக்கு, ஹெல்மெட் எல்லாம் தனிக்காசு. அதையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். கடைவாசலில் ஒரு ரவுண்டு அடிப்பது ஓட்டிப் பார்த்ததாகாது. கை மரக்கிறதா, கழுத்து இழுக்கிறதா என்று தெரியப் பத்து நிமிடமாவது ஆகும். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

வண்டியோடு வீட்டுக்குப் போனேன். வீட்டில் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பாருக்கு மேல் நிற்கச் சொல்லி, இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். அப்புறம், “ஏனுங்க, வெளிச்சம் வந்தப்புறம் போங்க. மெயின் ரோட்டுக்குப் போகாதீங்க” என்று உள்ளே போனார்கள். இன்றுவரை அந்த இரண்டு நிபந்தனையையும் நான் மீறவில்லை.

சைக்கிள் சர்க்கரையைத் தீர்த்துவிட்டது என்று சொன்னால் அது பொய். சாப்பாட்டைக் குறைத்தேன், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டேன், வாரத்தில் ஐந்து நாள் பேரூர்ப் பக்கம் ஓட்டினேன். மூன்றும் சேர்ந்து இன்சுலின் ஊசியை இதுவரை தள்ளிவைத்திருக்கின்றன. எனக்கு அது பெரிய லாபம்.

நண்பர்களே, உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் ஒரு வண்டி போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருக்கலாம். ‘எனக்கு ஆகாது’ என்று முடிவுகட்டும் முன் ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். தப்பு உங்கள் உடம்பிலா, வண்டியிலா என்று தெரிந்துவிடும். புதிதாக வாங்கப் போகிறவர்கள் மூன்றாவது வரிசைக்காரனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூலி கேட்க மாட்டான், இரண்டு காப்பி மட்டும் வாங்கித் தர வேண்டும். (கைதட்டல்)