பறக்கும் கனவும் பிணைக் கையெழுத்தும்

(சிராங்கூன் சாலையில் பெற்றோரும் இளையரும் கூடிய கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிலேத்தார் விமானத்தளம் 1920களில் கட்டப்பட்டது. 1937இல் காலாங் விமான நிலையம் திறக்கும் வரை பயணிகள் விமானங்களும் அங்கேதான் இறங்கின. அந்தத் தளத்தில் உடலுழைப்பு வேலை பார்த்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். தளத்தின் வாசலில் வளர்ந்த ஜாலான் காயு இன்றும் பரோட்டாவுக்குப் பெயர் பெற்ற இடம். ஓடுபாதையில் வியர்வை சிந்தியவரின் பேரப்பிள்ளை விமானி இருக்கையில் உட்கார ஆசைப்பட்டால், அது பேராசை அல்ல. ஆனால் அந்த ஆசைக்கு எவ்வளவு விலை, அதை யார் கட்டுவது என்பதை இன்று தெளிவாகப் பேசியாக வேண்டும்.

வணிக விமானி உரிமத்துக்கு அனைத்துலக விதிப்படி பொதுவாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியில் 150 மணி நேரம் போதும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எரிபொருள், பயிற்றுநர், விமானப் பராமரிப்பு என்று பணம் கரையும். சொந்தச் செலவில் வெளிநாட்டில் படித்தால் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். அதன் பிறகு குறிப்பிட்ட விமான வகைக்கான தனிப் பயிற்சிக்கு வேறு செலவு. எனவே என் முதல் வேண்டுகோள்: சொந்தப் பணத்தைக் கடைசிக் கதவாக வையுங்கள். அதற்கு முன் மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதலாவது, சிங்கப்பூர் இளையர் விமானப் பயிற்சி மன்றம். 1971இல் தொடங்கிய இந்த அமைப்பு தற்காப்பு அமைச்சின் ஆதரவுடன் சிலேத்தாரில் இயங்குகிறது. தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் பெரும் மானியத்தோடு இங்கே தனியார் விமானி உரிமம் வரை போகலாம். வேலைக்கு அந்த உரிமம் மட்டும் போதாது. ஆனால் உங்கள் பிள்ளைக்கு இந்தத் தொழில் ஒத்துவருமா என்பதை வீட்டை விற்காமலேயே தெரிந்துகொள்ளலாம். படிக்கும் பருவம் கழிந்தால் இந்தக் கதவு மூடிவிடும்.

இரண்டாவது, ஆகாயப்படை. பயிற்சிச் செலவு அரசுடையது. பதிலுக்குப் பல ஆண்டு சேவை. இங்கே ஒரு வரலாற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலாய்க்காரர்கள் போர்விமானிகளாக இல்லாதது பற்றி 1987இல் அப்போது அமைச்சராக இருந்த லீ சியன் லூங் கூறிய விளக்கம் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அது மலாய்ச் சகோதரர்களின் பிரச்சினை மட்டும்தான் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பொது அதிகாரத்தின் கீழுள்ள பதவி நியமனங்களில் குடிமக்களை இனத்தின் பேரால் பாகுபடுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. "நம்மை எடுக்க மாட்டார்கள்" என்று நாமே முடிவு செய்து விண்ணப்பிக்காமல் இருந்தால், அந்தப் பிரிவு யாருக்கு உதவும்?

மூன்றாவது, விமான நிறுவனத்தின் பயிற்சி விமானித் திட்டம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பயிற்சி தந்து, பிறகு ஒப்பந்தக் காலம் முழுதும் பணியாற்றச் சொல்கின்றன. போட்டி கடுமை. ஆனால் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் வாய்ப்புள்ள வழி இது.

இந்த மூன்றும் கைகூடாதபோதுதான் நான்காவது கதவு. என் அலுவலகத்துக்கு ஒரு தகப்பனார் வந்தார். மகனை வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்க்க முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டியிருந்தார். பயிற்சி பாதியில் நின்றது. கையில் இருந்தது ஒரு ரசீதும் மூன்று பக்க ஒப்பந்தமும். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வழக்குப் போடுவதென்றால் அந்த நாட்டில்தான் போட வேண்டும். அவரிடம் நான் சொல்ல முடிந்ததெல்லாம் மிகக் கொஞ்சம்.

ஆகவே, சொந்தச் செலவில் போவோர் இவற்றைக் கவனியுங்கள். ஒரு வெள்ளி கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். நிறக்குருடு போன்ற ஒரு குறையே தொழிலைத் தடுத்துவிடலாம். கட்டணத்தைப் பறக்கும் மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுங்கள். அங்கே பெறும் உரிமத்தை இங்கே மாற்றிக்கொள்ள என்னென்ன தேர்வு வேண்டும் என்று சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்பே கேளுங்கள். மத்திய சேமநிதிக் கல்விக் கடன் உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்குத்தான். வெளிநாட்டு விமானப் பள்ளிக்கு அது கிடைக்காது. வீவக வீட்டை அடமானம் வைத்தும் இதற்குக் கடன் பெற முடியாது. மிஞ்சுவது வீட்டை விற்பது. அந்த முடிவை ஒரு மாலைப் பொழுதில் எடுக்காதீர்கள்.

அடுத்து ஒப்பந்தம். 2009 முதல் இங்கே 18 வயதிலேயே பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். அந்தக் கையெழுத்து உங்களைக் கட்டும். பிணையாளராகக் கையெழுத்திடும் அப்பாவையும் மாமாவையும் அவர்கள் கையெழுத்து கட்டும். இடையில் விலகினால் எவ்வளவு, பயிற்சியில் தேறாவிட்டால் எவ்வளவு, நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால் எவ்வளவு என்று மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கான தொகை, இழப்பின் நேர்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும், தண்டனையாக இருக்கக் கூடாது என்பதை டென்கா வழக்கில் 2020இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அது ஒரு பாதுகாப்பு. ஆனால் நீதிமன்றப் படியேறிப் பெறும் பாதுகாப்பைவிட, கையெழுத்துக்கு முன் பெறும் ஆலோசனை மலிவு.

ஆட்குறைப்பு வெறும் கற்பனை அல்ல. 2020 செப்டம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. கடனில் படித்தவருக்கு அத்தகைய ஆண்டைத் தாக்குப்பிடிப்பது மிகக் கடினம். பொறியியல் அல்லது வேறு துறையில் ஒரு பட்டயம் கையில் இருக்கட்டும்.

கடைசியாக நம் சமூகத்திடம் ஒரு கோரிக்கை. 1991இல் தொடங்கிய சிண்டாவுக்கு இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சந்தா போகிறது. துணைப்பாடமும் உதவித்தொகையும் அவசியமே. அவற்றோடு, விமானித் தேர்வுக்குத் தயார்ப்படுத்தும் வகுப்பு, மருத்துவப் பரிசோதனைக்கு உதவி, தகுதியுள்ளோருக்கு வட்டியில்லாக் கடன் ஆகியவற்றையும் நாம் கேட்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் பெறுங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தோற்றால் மறுபடி முயல்கிறது. நம் பிள்ளை தோற்றால் குடும்பமே வீட்டை இழக்கிறது. இந்த வித்தியாசத்தைக் குறைப்பதும் உரிமைப் போராட்டம்தான்.