பேயால் யாருக்கு லாபம்?
(திருப்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு முடிந்து புளியமரத்தைத் தாண்ட அஞ்சி, வாரக்கூலியை மந்திரவாதியிடம் கொட்டியழுகிறவர்கள் இவ்வூரில் உண்டா இல்லையா? அவர்களை உத்தேசித்தே 1960களின் மூன்று திகில் படங்களை இன்று தரம் பிரிக்கிறோம்.

மூன்றாவது, ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). வின்சென்டின் ஒளிப்பதிவும், தொண்டுகிழ ஜமீன்தாராக வரும் நம்பியாரின் நடிப்பும் மெச்சத்தக்கவையே. ஆனால் கதை நிற்பதோ முன்ஜென்மப் புளுகின்மீது!

இரண்டாவது, ஏ.வி.எம். எடுத்த 'அதே கண்கள்' (1967). நடுங்க வைக்கிறவன் பேயல்ல, மனிதனே.

முதலாவது, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ?' (1966). 'வோ கௌன் தீ?' (1964) என்ற இந்திப் படத்தின் தமிழ் உருவம். வெள்ளைச் சேலை உருவத்தைக் காட்டி நம்மைக் குலைநடுங்க வைத்துவிட்டு, சொத்துக்காக ஒரு டாக்டரைப் பைத்தியமாக்கச் செய்த சூழ்ச்சியே அது என்று அம்பலப்படுத்துகிறது.

ஆகவே தோழர்களே, கொட்டகையில் தாராளமாகப் பயப்படுங்கள், அது கலை. வெளியே வந்ததும், இந்தப் பேயால் யாருக்கு லாபம் என்று மந்திரவாதியைக் கேளுங்கள். கூலி வீடு வந்து சேரும்!