எழும்பி நடப்பதும் ஒரு உரிமைதான்
(பான் நகரச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பக்கவாதத்தைப் பற்றிக் கதைக்கப்போறன். "இது டொக்டர்மார் கதைக்க வேண்டிய விசயம், எங்கட கூட்டத்தில ஏன்?" என்று நீங்கள் கேட்கலாம். ஜேர்மனியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 270,000 பேருக்குப் பக்கவாதம் வருகிறது. 1983-க்குப் பிறகு அகதியாக வந்து, உணவகக் குசினிகளிலும் துப்புரவு வேலையிலும் நின்று உழைத்த எங்கட பெற்றோரின் தலைமுறை இப்ப அறுபதைத் தாண்டிவிட்டது. பிரஷரும் சீனி வருத்தமும் இல்லாத வீடு குறைவு. அப்ப இது எங்கட அரசியலும்தான்.

முதலில் மருத்துவம். மூளையில் செத்த பகுதி திரும்ப உயிர்க்காது. ஆனால் மிச்சமுள்ள பகுதிகள் புதுத் தொடர்புகளை உண்டாக்கி, இழந்த வேலையில் ஒரு பங்கைக் கற்றுக்கொள்ளும். அதற்கு வழி, செய்ய வேண்டியதையே திரும்பத் திரும்பச் செய்வது. நடை வேணுமென்றால் நடக்கப் பழக வேணும். கட்டிலில் கிடக்க வைத்து எண்ணெய் தேய்த்தால் மட்டும் நடை வராது.

2007-இல் வெளியான ஒரு ஜேர்மன் ஆய்வு இதைக் காட்டியது. பக்கவாதத்துக்குப் பிறகு தனியாக நடக்க ஏலாத 155 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் நாளுக்கு 45 நிமிடம், நான்கு கிழமை. ஒரு பகுதிக்கு முழுநேரமும் வழமையான பிசியோ. மற்றப் பகுதிக்கு அதில் 20 நிமிடம், உடலை வாரால் தாங்கிக் கால்களை நடக்கவைக்கும் இயந்திரத்தில். முடிவில் முதற் பகுதியில் 78 பேரில் 17 பேர் தனியாக நடந்தார்கள். இயந்திரத்தில் பழகியவர்களில் 77 பேரில் 41 பேர். அதற்காக முதல் நாளே வாட்டி எடுக்கவும் கூடாது. முதல் 24 மணிநேரத்துக்குள்ளேயே எழுப்பிக் கடுமையாகப் பயிற்றினால் விளைவு மோசமாகலாம் என்று 2015-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. தொடக்கத்தில் கொஞ்ச நேரம், ஆனால் அடிக்கடி: அதுதான் நல்லது.

இங்கத்தைய றீகா நிலையங்களில் "போபாத்" என்ற பெயரைக் கேட்டிருப்பியள். பேர்த்தா போபாத் பெர்லினில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனுக்கு அகதியாகப் போய், 1940-களில் பக்கவாதம் வந்த ஓர் ஓவியரோடு வேலை செய்தபோது தன் முறையை உருவாக்கினார். அது மற்ற முறைகளை விடச் சிறந்தது என்று பிந்திய ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் ஒரு நாடு துரத்திய அகதியின் அறிவில்தான் அந்த நாட்டின் நோயாளிகள் இன்றும் நடை பழகுகிறார்கள் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது.

இனி உரிமை. மருத்துவமனையிலிருந்து வெளியேறி வழமையாக 14 நாட்களுக்குள் தொடர் றீகா தொடங்க வேணும். விண்ணப்பத்தை மருத்துவமனையின் சமூகசேவைப் பிரிவு செய்து தரும். காப்புறுதி மறுத்தால், கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். "பராமரிப்புக்கு முன் றீகா" என்பது இந்த நாட்டின் சட்டக் கொள்கை. பலர் முதல் மறுப்போடேயே அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகினம்.

ஆனால் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. புகலிடம் கோருவோருக்கான 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையில் கடும் நோய்க்கும் வலிக்கும் மட்டுமே சிகிச்சையை உறுதி செய்கிறது. மற்றதெல்லாம் அதிகாரியின் முடிவு. இந்தக் குறைந்த நிலை 18 மாதம் நீடித்தது. 2024 பெப்ரவரியில் அதை 36 மாதமாக்கினார்கள். நடை திரும்பிவர மிக வாய்ப்பான காலம் முதல் சில மாதங்கள். அந்த மாதங்களைச் சட்டம் தின்கிறது.

அடுத்தது மொழி. "இடக்காலில் பாரத்தைப் போடுங்கோ" என்று தெரப்பிஸ்ட் ஜேர்மனில் சொல்ல, விளங்காமல் நிற்பவரைப் பார்த்து "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினால் அடுத்த கிழமைகளுக்கான அனுமதியே போகலாம். பேச்சிழந்தவரின் தமிழைச் சோதிக்காமல் ஜேர்மனை மட்டும் சோதித்தால் அது பாதிச் சோதனை. மொழிபெயர்ப்புச் செலவைக் காப்புறுதி ஏற்கும் என்று 2021 கூட்டணி ஒப்பந்தத்தில் வாக்குத் தந்தார்கள். 2024 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தது, வாக்குச் சட்டமாகவில்லை. அதனால் அந்த வேலை மகள்மார் தலையில் விழுகிறது. படிப்பையும் சம்பளத்தையும் விட்டுச் சும்மா செய்கிற வேலை அது. அதைப் பாசம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக ஏலாது.

அப்ப நாங்கள் என்ன செய்யலாம்? மூன்று விசயம். மொழிபெயர்க்கக் கூடியவர்களின் பட்டியல் ஒன்றை வைத்து முறைபோட்டுப் போவம். ஆண்களும் வர வேணும். மறுப்புக் கடிதம் வந்தால் சேர்ந்து ஆட்சேபணை எழுதுவம். மொழிபெயர்ப்பைச் சட்டமாக்கக் கேட்கும் மற்ற அகதி அமைப்புகளோடு நிற்பம்.

கடைசியாக ஒன்று. வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, "கொஞ்சம் படுத்தால் சரியாகும்" என்று விடாமல் உடனே 112-க்கு அடியுங்கோ. இன்றைக்கு வீட்ட போய் அம்மா அப்பாவுக்கும் அந்த எண்ணைச் சொல்லுங்கோ.